இயலாமை உதவித்தொகையில் வாழ்பவர் ஐ.ஆர்.ஏ. (அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் பணம் போடலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். 2023இல், 43 வயதில், பக்கவாதத்தால் வேலையை விட்டேன். எஸ்.எஸ்.டி.ஐ. எனும் அரசின் இயலாமைக் காப்பீட்டுத் தொகை மட்டுமே எனக்கு வருகிறது. அதில் மிச்சம் பிடித்து 2025இல் 2,000 டாலரை ராத் ஐ.ஆர்.ஏ. (போடும்போது வரிக்கழிவு தராத வகை) கணக்கில் போட்டேன். அதுவரை வேலைக்குப் போகாத மனைவிக்கு 2026 ஜனவரி முதல் பள்ளி உணவகத்தில் பகுதிநேர வேலை. ஆண்டுக்கு 12,000 டாலர் வரும். இனியும் நான் பணம் போடலாமா?

பதில்: ஐ.ஆர்.ஏ. கணக்கில் விழும் பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்தது என்பதை வரித்துறை பார்ப்பதில்லை. அந்த ஆண்டில் உழைத்து ஈட்டிய வருமானம் இருந்ததா என்பதையே பார்க்கிறது. நீங்கள் வேலை பார்த்த காலத்தில் சம்பளத்தில் பிடித்த வரியின் பேரில்தான் எஸ்.எஸ்.டி.ஐ. கிடைக்கிறது என்றாலும், அது உழைப்பு வருமானமாகக் கொள்ளப்படாது. இது நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே 2025இல் போட்ட 2,000 டாலர் தகுதியற்ற தொகை. அதை அப்படியே விட்டுவைத்தால் ஆண்டுதோறும் 6 சதவீதம், அதாவது 120 டாலர், தண்டவரி கட்ட நேரிடும். 2025க்கான வரிப் படிவத்தை உரிய காலத்தில் தாக்கல் செய்திருந்தால், 2026 அக்டோபர் 15க்குள் அந்தத் தொகையையும் அதன் மீது விளைந்த ஆதாயத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். தண்டவரி விழாது, ஆதாயத்துக்கு மட்டும் வரி உண்டு. வழக்கமாகப் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பாமல், தகுதிக்கு மிஞ்சிய தொகையைத் திரும்பப் பெறுவதாகவே கணக்கு வைத்துள்ள நிறுவனத்திடம் எழுதிக் கொடுங்கள். ஆதாயத்தை அவர்களே கணக்கிட்டுத் தருவார்கள்.

இந்த ஆண்டு நிலைமை வேறு. கணவனும் மனைவியும் கூட்டாக வரி தாக்கல் செய்தால், ஒருவரின் சம்பளத்தைக் காட்டி இருவரும் தத்தம் பெயரிலுள்ள ஐ.ஆர்.ஏ. கணக்கில் பணம் போடலாம். 50 வயதுக்குக் கீழ் 2026க்கான வரம்பு தலைக்கு 7,500 டாலர் என்றாலும், இருவரும் போடும் மொத்தம் உங்கள் மனைவியின் சம்பளமான 12,000 டாலரைத் தாண்டக் கூடாது. நீங்கள் 7,500 போட்டால் அவருக்கு 4,500தான் மிஞ்சும். இவ்வளவு குறைந்த வருமானத்தில், வழக்கமான ஐ.ஆர்.ஏ. தரும் வரிக்கழிவால் பெரிய பயன் இராது என்பதால், போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியின்றி எடுக்க வழியுள்ள ராத் கணக்கே உங்களுக்கு ஏற்றது என்பேன். சேமிப்பு முதலியவை 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்ற சொத்து வரம்பு, எஸ்.எஸ்.ஐ. எனும், வருமானமும் சொத்தும் குறைந்தோருக்கான வேறோர் உதவித்தொகை பெறுவோருக்கு உரியது, அதை எண்ணி நீங்கள் கலங்க வேண்டாம்.

மனைவியின் வேலை நின்றுபோனால் ஏபிள் (இயலாமை உள்ளோருக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கு இருக்கிறது. அதற்கு உழைப்பு வருமானம் தேவையில்லை. 26 வயதுக்குள் இயலாமை தொடங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் 46 வயதாகத் தளர்த்தப்பட்டதால், இப்போது உங்களுக்கும் தகுதி உண்டு. ஆனால் அதன் ஆதாயத்துக்கு வரி விழாமலிருக்க, எடுக்கும் பணம் மருத்துவம், வீட்டு வாடகை, போக்குவரத்து போன்ற, உங்கள் இயலாமையோடு தொடர்புடைய செலவுகளுக்கே போக வேண்டும், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.