அரசு மனசு வைக்க வேண்டாம், காரணம் சொல்லட்டும்

கேள்வி: என் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களுக்கு முன்பு சம்பளத்தைத் தவறுதலாகக் கூட்டி நிர்ணயித்துவிட்டதாகச் சொல்லி, பணிக்கொடையில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். மனு கொடுத்தோம். 'பரிசீலிக்கப்பட்டது, ஏற்க இயலாது' என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அதுவும் அரசாங்கம் வைத்ததுதானே? அரசு மனசு வைத்தால்தானே எதுவும் நடக்கும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்: 'மனசு' என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அந்த ஒரு சொல்லைத் தாண்டி என்னால் சட்டென்று போக முடியவில்லை. அரசாங்கத்துக்கு நம் மக்கள் எழுதும் மனுக்களைப் பாருங்கள். 'கருணை கூர்ந்து', 'பெரிய மனது பண்ணி', 'ஏழைக் குடும்பத்தில் விளக்கேற்றி வைக்குமாறு தாழ்மையுடன்'. கேட்பது என்னவோ சட்டப்படி தனக்கு வர வேண்டிய பணத்தை. கேட்கிற தொனி யாசகம். பக்கம் முழுக்கக் கஷ்டம் நிறைந்திருக்கும். எந்த ஆணையை எதிர்க்கிறார், அது எந்தத் தேதியிட்டது, எந்த விதிக்கு முரணானது என்று தேடினால் ஒரு வரி கிடைக்காது. படிக்கிற அதிகாரியும் தன் மனசைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். மனசு வரவில்லை என்றால் 'ஏற்க இயலாது' என்று எழுதிவிட்டு அடுத்த கோப்பை எடுக்கிறார்.

ஓய்வூதியம் அரசு தன் விருப்பப்படி கொடுக்கும் கொடை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் நகாரா வழக்கில் சொன்னது 1982 டிசம்பர் 17 அன்று. அந்தத் தேதியைத்தான் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பணிக்கொடையும் உழைப்பின் பாக்கிதான். உங்கள் கணவருடைய பணத்துக்கு யாருடைய மனசும் தேவையில்லை.

அடுத்தது அந்த ஒரே வரி. இதைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் எழுதுவது முதல் தடவை இல்லை. முன்பு ஒரு முறை எழுதியபோது, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் காட்டமாகக் கடிதம் போட்டார். வருகிற மனுவுக்கெல்லாம் காரணம் எழுதிக்கொண்டிருந்தால் அலுவலகம் நடக்காது என்பது அவர் கட்சி. அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்: காரணம் எழுத நேரமில்லாத அலுவலகத்துக்கு, ஒருவருடைய பணத்தைப் பிடிக்க மட்டும் எப்படி நேரம் கிடைத்தது? பிடித்தம் செய்வதற்கு முன்பு உங்கள் கணவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதுவே தனிப் பிழை. ஒருவருக்குப் பாதகமாக முடிவெடுக்கும் முன் அவரைக் கேட்டாக வேண்டும் என்பது இயற்கை நீதியின் அரிச்சுவடி.

ஒரே வரி ஆணை அரசுக்கே ஆபத்து என்பதையும் அந்த அதிகாரி யோசிக்கவில்லை. 1977இல் மொகிந்தர் சிங் கில் என்ற தேர்தல் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத் தெளிவாக்கினார். ஓர் ஆணை அதில் எழுதியிருக்கும் காரணங்களால்தான் நிற்க வேண்டும் அல்லது விழ வேண்டும்; வழக்கு வந்த பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து முட்டுக்கொடுக்க முடியாது. நாள்பட நாள்படத் தரம் கூட, ஆணை பழைய மது அல்ல என்றும் எழுதினார். உங்களுக்கு வந்த கடிதத்தில் காரணமே இல்லை. அப்படியென்றால் அது எதன் மேல் நிற்கும்?

மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் முதல் பயன் இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் மனுவைத் தாக்கல் செய்து நோட்டீஸ் போனதும், அரசு வழக்கறிஞர் துறையிடம் பத்திவாரியாகக் குறிப்பு கேட்பார். உங்கள் மனுவின் நான்காவது பத்திக்கு என்ன பதில், ஐந்தாவதுக்கு என்ன பதில் என்று அலுவலகம் எழுதியாக வேண்டும். கோப்பு அலமாரியிலிருந்து இறங்கும். பணிப்பதிவேட்டில் அந்தச் சம்பள நிர்ணயத்தை எழுதியவர் யார், ஒவ்வொரு வருடமும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் யார், இத்தனை காலம் தணிக்கையில் அது கண்ணில் படாமல் போனது எப்படி என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். சம்பளத்தை நிர்ணயித்தது அலுவலகம். உங்கள் கணவர் பொய்ச் சான்றிதழ் எதுவும் கொடுத்து அதைக் கூட்டிக்கொள்ளவில்லை. இந்த உண்மை அரசின் சொந்தக் காகிதத்திலிருந்தே வெளியே வரும்.

சட்டமும் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. 2014 டிசம்பரில் ரஃபீக் மசி வழக்கில், தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தை எந்தெந்தச் சூழலில் திருப்பி வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வகைப்படுத்தியது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடம் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும், ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமும் கூடாது. ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவிட்ட தொகையையும் கேட்கக் கூடாது. மத்திய அரசின் பணியாளர் துறையே 2016 மார்ச்சில் இதை ஏற்றுச் சுற்றறிக்கை அனுப்பியது. எழுத்தரான உங்கள் கணவர் இந்த வகைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் வருகிறார். ஒன்றை மட்டும் பாருங்கள்: சம்பளத் திருத்தத்தின்போது, 'கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தாரா? 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அப்படி எழுதிக் கொடுத்த அதிகாரிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அவர் நீதித்துறை அதிகாரி, எழுத்தர் அல்ல. ஆனாலும் துறை அந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வரும். உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, 'அரசாங்கம் வைத்ததுதானே' என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். சந்தேகம் நியாயமானது. 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் வழி திறந்தது, 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் பிறந்தது. ஒவ்வோர் அமர்விலும் நீதித்துறை உறுப்பினர் ஒருவர், நிர்வாக உறுப்பினர் ஒருவர். இரண்டாமவர் அரசுப் பணியிலிருந்து வருகிறவர். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கோப்பில் எங்கே எதை மறைப்பார்கள் என்பது கோப்பு எழுதியவருக்குத்தான் தெரியும். என் கோபம் வேறு இடத்தில். தீர்ப்பாயத்துக்குப் பணமும் ஆளும் கட்டடமும் கொடுப்பது மத்திய பணியாளர் துறை. ஊழியர்கள் வழக்குப் போடுவது பெரும்பாலும் அந்தத் துறை வகுத்த விதிகளை வைத்து. எதிர்வாதியின் கையில் நீதிபதியின் நாற்காலி இருக்கலாமா? தீர்ப்பாயங்களை நிர்வகிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997இலேயே சந்திரகுமார் வழக்கில் சொன்னது. 2020இல் தேசியத் தீர்ப்பாய ஆணையம் அமைக்கச் சொன்னது. அரசு என்ன செய்தது? உறுப்பினர்களின் பதவிக்காலத்தை நான்கு வருடமாகக் குறுக்கி 2021இல் அவசரச் சட்டம் போட்டது. நீதிமன்றம் ஜூலையில் அதைத் தள்ளியது. ஆகஸ்டில் அதே விதியை நாடாளுமன்றச் சட்டமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2025 நவம்பரில் அதுவும் ரத்தானது. இந்தச் சண்டையைத் தொடர்ந்து நடத்தியது நம் மெட்ராஸ் பார் அசோசியேஷன் என்ற வழக்கறிஞர் சங்கம். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அரசுக்குப் பிடிக்காததால்தான் இத்தனை தடவை தீர்ப்பாயத்தின் காலை வெட்டப் பார்க்கிறார்கள். அதனாலேயே அந்த இடத்துக்கு நீங்கள் போக வேண்டும் என்கிறேன். அங்கே தோற்றாலும் கதவு மூடிவிடாது. சந்திரகுமார் தீர்ப்பின்படி தீர்ப்பாய ஆணையை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு பார்க்கலாம். அந்த அதிகாரத்தை எந்தத் திருத்தமும் பறிக்க முடியாது. மாநில அரசு ஊழியருக்கு இப்போது இந்த இரண்டு படிகள் இல்லை. 1988இல் தொடங்கிய தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயத்தை 2006இல் மூடிவிட்டார்கள். இப்போது ஊர்க்கோடியில் இருக்கிற கிராம உதவியாளரும் நேரே உயர் நீதிமன்றத்துக்குத்தான் ரிட் போட வேண்டும். சீர்செய்ய வேண்டியதை மூடிவிட்டோம் என்பதே இன்றும் என் கருத்து.

சொல்லாமல் விட மனம் வராத இன்னொன்று. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் 1987ஆம் ஆண்டு நடைமுறை விதிகளைப் படித்தால், அதன் மொழி ஆங்கிலம் என்று இருக்கும். இந்தியில் ஆவணம் கொடுக்கவும் அனுமதி உண்டு. தமிழ் கிடையாது. சென்னை அமர்வு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழில் யோசிக்கிறவர்கள், ஆனாலும் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டது. இன்னும் வரவில்லை. வழக்காடத் தேவையான துணிச்சல் உங்களுக்கு இருக்கிறது. உங்கள் வழக்கை உங்கள் மொழியில் நீங்களே கேட்டுப் புரிந்துகொள்ளும் உரிமையைத்தான் மறுக்கிறார்கள். இது எனக்கு ஆறாத கோபம்.

இனி வேலையைப் பார்ப்போம். ஓய்வு பெற்றவர் தான் குடியிருக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனு போடலாம், உங்களுக்குச் சென்னை. கட்டணம் ஐம்பது ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் உங்கள் கணவரே நின்று பேசவும் சட்டம் இடம் தருகிறது. பணிப்பதிவேட்டு நகலும் சம்பள நிர்ணயக் கோப்பின் குறிப்புத்தாள்களும் கேட்டு, பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு ஒன்றை இந்த வாரமே அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

இன்னொரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று மறுபடி மறுபடி மனு அனுப்பி நாளை ஓட்ட வேண்டாம். தீர்ப்பாயத்துக்குப் போக இறுதி ஆணை வந்ததிலிருந்து ஒரு வருடம்தான் அவகாசம். திரும்பத் திரும்ப மனு கொடுத்தால் அந்த அவகாசம் நீளாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒரு வரிக் கடிதத்தை எடுத்து, மேலே போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.