பெரியப்பாவிடம் கணக்குக் கேட்கப் பயம்

கேள்வி: எனக்கு 29 வயது. இந்த ஆண்டு எங்கள் சபைக் கமிட்டிக்குச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலயக் கட்டட நிதியின் வரவு செலவை மூன்று வருடமாக யாரும் வாசிக்கவில்லை. பொறுப்பில் இருப்பவர் என் பெரியப்பா. கேட்க நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. எனக்கு விசுவாசம் இல்லையா?

பதில்: தம்பி, விசுவாசம் இல்லாதவருக்கு இந்தப் படபடப்பே வந்திருக்காது. நமக்கேன் வம்பு என்று இருந்திருப்பார்.

வேதத்தில் நியாயாதிபதிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுங்கள். கிதியோன் என்றதும், 300 பேரோடும் எக்காளத்தோடும் போய் அவன் போரில் ஜெயித்ததுதான் நமக்கு ஞாபகம் வரும். அதற்கு முந்திய ஒரு ராத்திரியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் பலிபீடத்தைத் தகர்த்துப்போடு என்கிறார் கர்த்தர். அது யாருடைய பலிபீடம்? அவனுடைய அப்பாவுடையது. அப்பா வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, பகலில் செய்யாமல் இரவில் செய்தான் என்று வேதம் ஒளிக்காமல் சொல்கிறது. தனியாகவும் போகவில்லை, வேலையாட்களில் 10 பேரைக் கூட்டிக்கொண்டு போனான். பயந்தான், ஆனால் தள்ளிப்போடவில்லை. இருட்டில் செய்ததற்காகக் கர்த்தர் அவனை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவும் இல்லை. விடிந்ததும் ஊரார் அவனைக் கொல்ல வந்தபோது அவனுக்காகப் பேசியவர் யார் தெரியுமா? அவன் பயந்த அதே அப்பா, யோவாஸ். எப்போது வாசித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்கள் பெரியப்பாவும் அப்படியே நிற்பார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கோபப்படலாம், கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். ஆனால் கணக்குக் கேட்பது அவர்மேல் பழி போடுவது அல்ல. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கை விஷயத்தில், யாரும் குறைசொல்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைப் பவுலே கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). வாசித்த கணக்கு பெரியப்பாவின் பெயருக்கும் பாதுகாப்புதான்.

அதனால் கமிட்டியில் திடுதிப்பென்று கேட்காதீர்கள். அவர் மதிக்கிற ஒரு மூப்பரைக் கூட்டிக்கொண்டு முதலில் வீட்டுக்குப் போங்கள். "பெரியப்பா, அடுத்த கூட்டத்தில் கட்டட நிதிக் கணக்கை வாசிக்கணும். பில், பாஸ்புக் எல்லாம் கொடுங்க, நானே உட்கார்ந்து எழுதித் தர்றேன்" என்று சொல்லுங்கள். மறுத்தால், ஆயரிடம் எழுத்தில் கொடுத்து அடுத்த கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

நான் முதன்முதலில் கமிட்டியில் கணக்கு வாசித்த அன்று தாள் நடுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. பக்கத்திலிருந்த மூப்பர் ஒன்றும் சொல்லாமல் தம் பாட்டுப்புத்தகத்தை என் தாளுக்கு அடியில் வைத்தார். நிமிராமல் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டேன்.