தடயவியல் சான்று என்றாலே நம்பிவிடலாமா?

'டிஎன்ஏ பொருந்தியது' என்று செய்தி வந்தால் குற்றவாளி சிக்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். கிடைத்த தடயம் யாருடையது என்பதைத்தான் டிஎன்ஏ சொல்லும்; அங்கே எப்படி வந்தது என்று சொல்லாது.

2007இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஆஸ்திரியா, பிரான்ஸ் உட்பட ஏறக்குறைய 40 குற்றச் சம்பவங்களில் கிடைத்ததோடு பொருந்தியது. முகம் தெரியாத ஒரு கொலைகாரியைத் தேடி அலைந்தார்கள். கடைசியில் 2009இல் பார்த்தால், அந்த டிஎன்ஏ, தடயங்களை ஒற்றி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது! கிருமிநீக்கம் செய்த குச்சிகள்தான். ஆனால் அதில் கிருமி சாகுமே தவிர டிஎன்ஏ அழியாது.

இத்தனைக்கும் இருப்பதிலேயே உறுதியான சான்று டிஎன்ஏதான். கடித்த பல்தடம், முடி ஒப்பீடெல்லாம் இன்னும் பலவீனம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் நிபுணர்கள் முடியை வைத்துக் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கு எதிராகச் சொன்ன பழைய சாட்சியங்களை மறுஆய்வு செய்ததில், 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பிழை இருந்ததாக 2015இல் எஃப்பிஐயே ஒப்புக்கொண்டது.

அதனால் மாதிரி எங்கே கிடைத்தது, யார் யார் கை மாறியது, ஒப்பிட்டவருக்குச் சந்தேக நபர் யாரென்று முன்பே தெரியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் இதில் ஒன்றுகூடச் செய்தியில் இருக்காது.