பாட்டு வீடியோ எடுக்கப் போகிறேன் என்னும் மகளும் ஒரு தந்தையின் கவலையும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் கேட்டதற்கு அன்று என்னால் முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. கணிதமும் இயற்பியலும் நன்றாகப் படிக்கும் பிளஸ் டூ மாணவி, பொறியியல் வேண்டாம், பாட்டு வீடியோ எடுப்பதுதான் என் தொழில் என்கிறாளே, இதெல்லாம் ஒரு படிப்பா, இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். இது படித்தும் பழகியும் தேற வேண்டிய தொழில்நுட்பம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிழைப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்தத் தொழில்நுட்பத்தில் உங்கள் மகளின் கை எவ்வளவு ஓடுகிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

தெப்பக்குளப் படிக்கட்டில் தோழியைப் பாட வைத்து எடுத்த மூன்று நிமிட வீடியோவை அவள் என்னிடம் காட்டினாள். பல்லவியில் உதடும் குரலும் ஒட்டியிருந்தன. இரண்டாம் சரணத்துக்கு வரும்போது மெல்ல விலகின. நான் வாய் திறப்பதற்குள், “இங்க லிப் விட்டுப்போச்சு சார், ஏன்னுதான் தெரியல” என்றாள். பல கைபேசிகள் விநாடிக்கு இத்தனை ஃபிரேம், அதாவது இத்தனை தனிப்படம், என்ற கணக்கை ஒரே சீராக வைத்துக்கொள்வதில்லை; வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. அதைச் சீரான பதிவு என்று எண்ணி எடிட்டிங் மென்பொருளில் பாட்டோடு வைத்தால், நேரம் போகப் போக விலகல் சேர்ந்துகொண்டே வரும். காரணம் அவளுக்குத் தெரியாது என்பது பெரிதல்ல, அதைக் கற்பிக்கலாம். விநாடியில் ஒரு சிறு பங்கு விலகலைக் கண் தானாகப் பிடித்ததே, அதைத்தான் நான் குறித்துக்கொண்டேன்.

படப்பிடிப்புத் தளத்தில் என்ன நடக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. முன்பே பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஓட விட்டுப் பாடகரை வாயசைக்கச் செய்கிறார்கள். ஒருகாலத்தில் நாகரா என்ற டேப் கருவியில் ஓட்டியதால், இன்றும் சினிமாவில் மூத்தவர்கள் அதை நாகரா என்றே சொல்வதுண்டு. அதே பாட்டை முதலிலிருந்து முடிவு வரை தூரத்திலிருந்து ஒரு முறை, இடுப்பளவில் ஒரு முறை, முகத்துக்கு அருகில் ஒரு முறை எனத் திரும்பத் திரும்ப எடுத்து, பிறகு எடிட்டர் அவற்றை அடுக்கி வைத்து வெட்டுகிறார்.

வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதற்குத் தாளமே அளவு. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு அரை விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். எட்டு தட்டு கொண்ட ஆதி தாளத்தின் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், 96 ஃபிரேமில், அதாவது நான்கு விநாடியில் முடியும். எல்லா வெட்டும் தட்டின் மேலேயே விழுந்தால் பார்ப்பவருக்குச் சலித்துவிடும் என்பதால், எங்கே முந்துவது, எங்கே ஓர் ஆவர்த்தனம் முழுக்க வெட்டாமல் விடுவது என்பதில்தான் எடிட்டரின் ரசனை தெரியும். ஆனால் கணக்குத் தெரியாதவருக்கு அந்தச் சுதந்திரம் கைகூடாது.

நீங்கள் வியந்து கேட்ட காட்சி ஒன்று உண்டு: பாடகியின் கூந்தலும் தாவணியும் மெதுவாக மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்துவது எப்படி என்றீர்கள். தளத்தில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விடுகிறார்கள். பாடகி அந்த வேகத்துக்கே வாயசைக்க, கேமரா விநாடிக்கு 48 ஃபிரேம் பதிவு செய்கிறது. அதை 24-ல் திரையிடும்போது உதடு இயல்பான வேகத்துக்கு வந்துவிடும். காற்றும் துணியும் பாதி வேகத்தில் அசையும். மின்விளக்கின் கணக்கும் இதைப் போன்றதுதான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும்; ஒவ்வொரு ஃபிரேமிலும் கேமரா ஒளியை வாங்கும் நேரமான ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைக்காவிட்டால் படத்தில் கோடுகள் ஓடும். உங்கள் மகள் இயற்பியலில் வாங்கும் மதிப்பெண் இந்தத் தொழிலில் வீணாகாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிழைப்புக்கு வருகிறேன். சினிமாவுக்கு வெளியே உருவாகும் தமிழ்ப் பாட்டுகளும் இன்று பெரும்பாலும் வீடியோவாகவே மக்களிடம் சேர்கின்றன; 2021-ல் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ உங்கள் வீட்டிலும் ஒலித்திருக்கும். இசை நிறுவனங்களுக்குப் பாடல்வரி வீடியோ செய்பவர், நிறம் திருத்தும் கலரிஸ்ட், அகலத் திரைக்கு எடுத்ததையே கைபேசிக்கான 9:16 நிமிர்ந்த சட்டத்துக்கு மாற்றித் தருபவர் எனப் பலருக்கு இதில் வேலை இருக்கிறது. பெரும்பாலானவை மாதச் சம்பள வேலைகள் அல்ல. ஒரு மாதம் மூன்று வேலை வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது, முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் இழுபறியாவதும் உண்டு. இதை உங்களிடம் மறைப்பது சரியல்ல. முன்பணமும் எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. வீடியோவில் தன் பெயர் இடம்பெறும் என்பதையும் அதில் எழுதி வாங்க வேண்டும். 1981-ல் தொடங்கிய பாட்டு வீடியோத் தொலைக்காட்சியான எம்டிவி, வீடியோவின் இடது மூலையில் பாடகர், பாட்டு, ஆல்பம், நிறுவனம் என்று பெயர் போட்டபோதும், இயக்குநரின் பெயரைச் சேர்த்தது 1992-ல்தான்.

படிப்பைப் பொறுத்தவரை, சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தையே முதலில் சொல்வேன். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு முதலிய பிரிவுகளில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு அங்கே உண்டு. எந்தப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் எந்தப் பாடம் வேண்டும் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இடங்கள் குறைவு, ஆகவே விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படிப்பு உள்ள கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பியுங்கள். பட்டம் முடித்த பிறகு புனே, கொல்கத்தா அரசுத் திரைப்பட நிறுவனங்களின் நுழைவுத் தேர்வை எழுதும் வழி அவளுக்குத் திறந்தே இருக்கும். இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் குறுகியகாலப் பயிற்சிகளுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே அவளுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.

அரையாண்டு விடுமுறையில் அவள் ஒரு பாட்டை முழுமையாக எடுத்து முடிக்கட்டும். வெளியான சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும். பாடத் தெரிந்த தோழி ஒருத்தி சொந்தமாக மெட்டமைத்த பாட்டாக இருக்கட்டும். எந்தத் தட்டில் எந்த ஷாட் என்பதை முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு கேமராவைத் தொடச் சொல்லுங்கள். பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை அந்த வீடியோவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். அரையாண்டு மதிப்பெண் பட்டியலையும் கொண்டு வாருங்கள்; பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்து வைப்பதா என்பதை மூவரும் அன்று உட்கார்ந்து பேசுவோம்.