தம்பிக்கு கோடிங் வராதா? கொலுசுப் பட்டறையில் கேளுங்கள்

அம்மா, வணக்கம்.

சிவதாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, "பையன் பி.சி.ஏ. கம்ப்யூட்டர் படிப்புல சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது, ஃபங்ஷன் எழுதவே வரலை, பி.காம். மாத்திடுங்கன்னு அழறான்" என்றீர்கள். தம்பியின் லேப் நோட்டை என்னிடமே விட்டுவிட்டும் போனீர்கள். ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

நோட்டில் முதல் பாதி நன்றாகவே இருக்கிறது. ஃபங்ஷன் ஆரம்பித்த பக்கத்திலிருந்துதான் சிவப்பு மை. ஃபங்ஷன் என்றால், கொடுப்பதை வாங்கி ஒரு வேலையைச் செய்து விடையைத் திருப்பித் தரும் சின்ன புரோகிராம் துண்டு. அதிலும் விதவிதமான தப்பு இல்லை; ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறான். 'ரிட்டர்ன்' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'பிரிண்ட்' என்று எழுதியிருக்கிறான். போனில் கேட்டேன். "சார், ஸ்கிரீன்ல ஆன்சர் வருதே, அப்புறம் ஏன் மார்க் இல்லை?" என்றான். நியாயமான கேள்விதான். முதல் செமஸ்டரில் இந்த இடத்தில் நிறைய பிள்ளைகள் இடறுவார்கள்.

இதை என்னைவிட உங்கள் வீட்டுக்காரர் நன்றாகச் சொல்லித் தருவார். கொலுசு வேலையில் கம்பி இழுப்பது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், மெருகு போடுவது ஓரிடம். வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார்கள், வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குகிறார்கள். கம்பி இழுப்பவர் வாசலில் நின்று "கம்பி ரெடி" என்று சத்தம் மட்டும் போட்டுவிட்டுக் கம்பியைக் கையில் கொடுக்காமல் போனால், பற்றவைப்பவர் எதை வைத்து வேலை செய்வார்? பிரிண்ட் என்பது அந்தச் சத்தம். ரிட்டர்ன் என்பது கையில் கொடுப்பது.

தம்பியிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். எடையைக் கிராமிலும், ஒரு கிலோவுக்கான கூலியையும் வாங்கிக்கொண்டு, மொத்தக் கூலியைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் வேண்டும். எடையை 1000-ஆல் வகுத்துக் கூலியால் பெருக்கினால் போதும், இரண்டே வரி. கிலோவுக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 250 கிராமுக்கு 1,000 வர வேண்டும், 1,500 கிராமுக்கு 6,000. எடை சுழியம் என்றால் கூலியும் சுழியம்; இதையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கூலியையும் கூட்டச் சொல்லுங்கள். ரிட்டர்ன் எழுதியிருந்தால் 7,000 கிடைக்கும். பிரிண்ட் எழுதியிருந்தால் 1000.0, 6000.0 இரண்டும் திரையில் அழகாக வரும். கூட்டும்போது, அவன் புரோகிராம் எழுதும் மொழியான பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் 'நன்' (None) என்பதைத்தான், அதாவது ஒன்றுமில்லாததைத்தான், திருப்பித் தரும். ஒன்றுமில்லாததையும் ஒன்றுமில்லாததையும் எப்படிக் கூட்டுவது? தம்பிக்கு மார்க் போகும் இடம் இதுதான்.

இன்னொரு விஷயம். தம்பி பிளஸ் டூ வரை தமிழ் வழி. அவன் படித்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே 'செயற்கூறு'. அளபுரு, செயலுருபு எல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறான். கல்லூரியில் ஃபங்ஷன், பாராமீட்டர், ஆர்கியுமென்ட் என்று இங்கிலீஷில் ஓட்டும்போது, இது ஏதோ புதுப் பாடம் என்று மிரண்டிருக்கிறான். "டேய், செயற்கூறுதான்டா ஃபங்ஷன்" என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மக்குப் பிள்ளை இல்லை அம்மா, பெயர் மாறியதில் வழி தவறிய பிள்ளை. ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன, அதைக் கேட்கட்டும்.

லேப்டாப் வாங்கித் தரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். இந்த மாதத்துக்குப் பேப்பரும் பென்சிலும் போதும். தினமும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதட்டும். உள்ளே என்ன போகிறது, ஒவ்வொரு வரியிலும் என்ன மாறுகிறது, வெளியே என்ன வருகிறது என்று கையால் எழுதிப் பார்த்துவிட்டு மறுநாள் லேபில் ஓட்டட்டும். தான் எழுதியதைச் சத்தமாக உங்களிடம் சொல்லட்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே தடுமாறுகிறான் என்பது அவன் குரலிலேயே தெரிந்துவிடும்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு சென்டரில் வெப்சைட் கோர்ஸுக்கு ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கேட்டார்கள் என்றீர்களே, கட்டிவிடாதீர்கள். ஃபங்ஷன் எழுத வராமல் வெப்சைட் கோர்ஸ் படிப்பது, பற்றவைக்கத் தெரியாமல் மெருகுக்கு உட்காருவது மாதிரி. வேலைக்கான ஆன்லைன் தேர்வுகளிலும் பெரும்பாலும் ஒரு ஃபங்ஷனைத்தான் எழுதச் சொல்வார்கள்; அது திருப்பித் தரும் விடையைத்தான் சரிபார்ப்பார்கள்.

ஒரு மாதம் இப்படி உட்கார்ந்த பிறகும் அவனுக்கு அதில் ஆசையே வரவில்லை என்றால் பி.காம். பற்றிப் பேசலாம். அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் பயந்து ஓடி அங்கே போனால், முதல் பேலன்ஸ் ஷீட் இடிக்கும்போதும் இதே அழுகைதான் வரும்.

நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முறை தம்பியையும் கூட்டி வாருங்கள், அந்தக் கூலிக் கணக்கை என் எதிரில் எழுதட்டும்.