நண்பனுக்காக நான் அம்பாரோ மனு போடலாமா?

கேள்வி: மெக்சிகோ சிட்டியில் வேலை பார்க்கிறேன். என் அறை நண்பனைக் குடிவரவுத் துறையினர் பஸ்ஸிலிருந்து இறக்கி, தடுப்பு முகாமில் வைத்திருக்கிறார்கள். நாடு கடத்திவிடுவார்களோ என்று பயம். 'அம்பாரோ' போடச் சொல்கிறார்கள். சொந்தக்காரனோ வக்கீலோ இல்லாத நான் போட முடியுமா?

பதில்: முடியும். இன்றைக்கே போடுங்கள்.

அரசின் செயல் அரசியலமைப்பு உரிமையை மீறும்போது, அதைத் தடுக்கக் கோரும் வழக்கு இது. நம் ஊரில் ஆட்கொணர்வு மனுவும் மற்ற ரிட் மனுக்களும் தனித்தனியாகச் செய்யும் வேலையை அங்கே இது ஒன்றே செய்கிறது. 1849-ல் சான் லூயிஸ் பொத்தோசியில் வந்த முதல் அம்பாரோ தீர்ப்பே, ஒருவரை மாநிலத்தைவிட்டு வெளியேற்ற ஆளுநர் போட்ட உத்தரவைத் தடுத்ததுதான்.

பொதுவாக 15 வேலை நாள் கெடு உண்டு. நாடு கடத்தல், சித்திரவதை போன்றவற்றுக்குக் கெடுவே கிடையாது. அடைபட்டவரால் போட முடியாதபோது அவர் பெயரில் யாரும் போடலாம், சிறுவர்கூட. அம்பாரோ சட்டத்தின் 15-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வாய்மொழியாகவும் சொல்லலாம். கட்டணம் இல்லை. மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போங்கள்.

மனுவில் நண்பனின் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள். இனிஷியல், அப்பா பெயர் குழப்பத்தில் முகாம் பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கலாம். தெரிந்தால் அதையும் சேருங்கள். முகாம் எங்கே இருக்கிறது, யார் பிடித்தது என்பதும் வேண்டும். 'தெபோர்த்தாசியோன்' (நாடு கடத்தல்) என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அந்த ஆபத்து மனுவில் தெரிந்தால், நீதிபதி உடனே இடைக்காலத் தடை தர வேண்டும். தடுப்பு 36 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். குடிவரவுத் தடுப்புக்கு அதுவே எல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

அப்புறம், பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. நீதிமன்றம் நண்பனைத் தொடர்புகொண்டு, "இது உங்கள் மனுதானா?" என்று கேட்கும். 3 நாளுக்குள் அவர் ஆம் என்று உறுதி செய்யாவிட்டால் மனுவும் போகும், தடையும் போகும். பாவம், புரியாத ஸ்பானிஷ் காகிதத்துக்குப் பயந்து அவர் மறுத்துவிடக் கூடாது. எப்படியாவது முன்பே தகவல் சொல்லிவிடுங்கள்.

இதனால் விசா கிடைத்துவிடாது. அது தனி விண்ணப்பம். வழக்கைத் தொடர்ந்து நடத்த, கூட்டாட்சிப் பொது வழக்கறிஞர் அலுவலகத்தில் இலவச வக்கீல் கேளுங்கள். இந்தியத் தூதரகத்துக்கும் இன்றே தகவல் கொடுங்கள்.