நாய் முடியைத் தின்றால் மாடு கன்று வீசுமா?

கேள்வி: பல்லடம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். 4 ஜெர்சி கலப்பின மாடுகளும், காவலுக்கு 3 வயது ஜெர்மன் ஷெப்பர்டு நாயும் இருக்கின்றன. நாய்க்கு வருஷம் முழுக்க முடி கொட்டுகிறது. வைக்கோலிலும் தீவனத் தொட்டியிலும் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது. போன மாதம் 6 மாதச் சினை மாடு கன்று வீசிவிட்டது, அதாவது கரு கலைந்துவிட்டது. நாய் முடியைத் தின்றதால்தான் என்கிறார்கள். வீசிய கன்றை நாய் இழுத்துக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அதன்மேல் கோபம். மருந்துக் கடையில் மாட்டு உண்ணி ஊசியை நாய்க்கு 1 மில்லி போடச் சொன்னார்கள். போடலாமா? மொட்டை அடிக்கலாமா? அல்லது இதைக் கொடுத்துவிட்டு ராஜபாளையம் வாங்கிவிடலாமா?

பதில்: ஊசி வேண்டாம், மொட்டையும் வேண்டாம். முடிக்கும் கன்று வீச்சுக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த இனத்துக்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டடுக்கு. அடிமுடி பஞ்சு மாதிரி உதிர்ந்துகொண்டே இருக்கும். லாப்ரடார், ஹஸ்கியும் அப்படித்தான். மொட்டை அடித்தால் வெயில் நேராகத் தோலில் விழும், முடியும் பழையபடி வளரும் என்று சொல்ல முடியாது. தினமும் தொழுவத்துக்கு வெளியே வைத்துச் சீவிவிடுங்கள், போதும். சீவும்போது முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். சொட்டை, சிவப்பு, செதில், ஓயாத சொறி இருந்தால் அது சாதாரண முடி உதிர்வு அல்ல, மருத்துவரிடம் போக வேண்டியது.

அந்த ஊசி பெரும்பாலும் ஐவர்மெக்டின். மாட்டுக்கு 50 கிலோவுக்கு 1 மில்லி கணக்கு. உங்கள் நாய் 30 கிலோ இருந்தால் அதிகம். அளவுகூட இரண்டாவது பிரச்சினைதான். கோலி இனத்திலும் சில ஜெர்மன் ஷெப்பர்டுகளிலும் இந்த மருந்து மூளைக்குள் புகாமல் தடுக்கும் அமைப்பே பிறவியில் பழுதாக இருக்கும். தள்ளாடும், எச்சில் ஒழுகும், கண் தெரியாமல் போகும், மயங்கி விழும். முறிமருந்து கிடையாது. நாயைக் கண்ணாலும் பார்க்காமல் கடை கவுண்டரில் நின்றபடி ‘1 மில்லி’ என்கிறவருக்கு விற்பனை முடிந்தது. ராத்திரி நாயோடு உட்கார்ந்திருக்கப்போவது நீங்கள்தானே.

சரி, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். வீசிய கன்றை நாய் இழுத்துக்கொண்டு போனது என்கிறீர்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது. நான் எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் கேட்பது, இளங்கொடி, அதாவது கன்றுக்குப் பின்னால் விழும் நஞ்சுக்கொடி, எங்கே போகிறது என்றுதான். பாதிப் பேர் பதில் சொல்லாமல் நாயைப் பார்ப்பார்கள்.

நியோஸ்போரா என்று ஒரு நுண்ணுயிர். நோயுள்ள மாட்டின் இளங்கொடியையோ வீசிய கன்றையோ தின்ற நாயின் மலத்தில் அது வெளியேறும். அந்த நாய் வைக்கோல்போரில் ஏறிப் படுத்து அங்கேயே கழித்தால் தீவனத்தோடு மாட்டுக்குப் போகும். 5, 6 மாதச் சினையில் கன்று வீசும். வீசாவிட்டாலும் தாயிடமிருந்து கன்றுக்கு இறங்கும். மாட்டுக்கு இதற்கு மருந்து இல்லை. நாய்க்குக் கொடுக்கும் புழு மருந்தும் இதைத் தொடாது. புரூசெல்லா என்ற கன்று வீச்சு நோயாக இருந்தாலும், நாய் இழுத்த வழியெல்லாம் கிருமி சிந்தியிருக்கும்.

பாட்டி காலத்தில் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினார்கள். பால் ஊறும் என்பார்கள். ஊறியதோ இல்லையோ, நாய் வாய்க்கு எட்டவில்லை. ஆனால் காக்கா கொத்திக் கீழே போட்டால் அதே கதைதான். அதனால் நான் குழிக் கட்சி. 4 அடி தோண்டி, சுண்ணாம்பு தூவி, மூடி, மேலே ஒரு கல்லை வையுங்கள். இளங்கொடி விழும்வரை நாயைக் கட்டிப் போடுங்கள். வைக்கோல்போரைச் சுற்றிக் கம்பிவலை அடியுங்கள்.

இதற்கிடையில் 4 மாடுகளின் இரத்த மாதிரியையும் உள்ளூர் கால்நடை மருத்துவர் மூலம் நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். கன்றை வெறுங்கையால் தூக்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். புரூசெல்லா மனிதருக்கும் தொற்றும். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

ராஜபாளையம் நல்ல நாய். முடி குட்டை, கொட்டுவது கண்ணில் அவ்வளவு படாது. ஆனால் இளங்கொடியை அதுவும்தான் தின்னும்.